வட்டம் போட்ட தடம்

அந்த ஊர் டென்னிஸ் போட்டி ஏன் நின்றுபோனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மழை என்பார்கள் சிலர். சிமெண்ட் தரை வந்து மண் தரையைத் தின்றுவிட்டது என்பார்கள் வேறு சிலர். செங்கல் சூளையை மூடிய நாளிலிருந்தே சனி பிடித்துவிட்டது என்பார் கிளப் செயலாளர். அவர் பல் டாக்டர். எல்லார் வாயையும் திறக்க வைக்கிற தொழில். ஆனால் தான் வாயைத் திறந்தால் அடுத்தவர் மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இவர்கள் சொல்வது எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். மருந்துக்கடைக்கார அக்காவுக்கு மட்டும் இன்னொரு காரணம் தெரியும்.

போட்டி பிறந்த கதையே ஒரு வேடிக்கை. சூளைக்காரர் ஒருவர் இருந்தார். கருகின செங்கல், கோணல் செங்கல், உடைந்த செங்கல் எல்லாம் அவர் இடத்தில் மலைபோலக் குவிந்து கிடந்தது. வெளியூருக்குப் படிக்கப்போன அவர் மகன் படிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒரு டென்னிஸ் மட்டையை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். "மண் தரையில ஆடணும்பா" என்றான். "வீணாப்போனது எல்லாம் வீணாப்போனவனுக்கே" என்று சொல்லி, அந்த மலையை இடித்துப் பொடியாக்கி மூன்று மைதானம் போட்டுக் கொடுத்தார் அப்பா. கோபத்தில் போட்ட தரைதான். ஆனால் அதைப்போல ஒரு தரை சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வருடா வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். ஆண்களுக்கு ஒரு கோப்பை, பெண்களுக்கு ஒரு கோப்பை. பெண்கள் கோப்பைக்கு வாய் குறுகி வயிறு பெருத்திருந்ததால் ஊர் அதைக் குடம் என்றே கூப்பிட்டது. "இந்த வருஷம் குடம் யார் இடுப்புக்கு?" என்று பந்தயம் வைத்துக்கொள்வார்கள்.

நல்ல விடுதி என்று அந்த ஊரில் அப்போது ஒன்றும் இல்லை. அதனால் வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரரைத் தங்க வைத்துக்கொள்வது வழக்கமானது. "எங்க வீட்டுப் பொண்ணு அரையிறுதிக்கு வந்துட்டா" என்று பெற்றவர்களைவிடப் பெருமை பேசுவார்கள். "உங்க வீட்டுப் பையன் ஏன் முதல் ஆட்டத்துலயே தோத்தான்? ஒழுங்கா சாப்பாடு போட்டீங்களா?" என்று சண்டையே நடக்கும். இந்தத் தங்கலில் இரண்டு கல்யாணம் நடந்தது, ஒரு கல்யாணம் முறிந்தது. ஆகவே சீக்கிரமே ஒரு சட்டம் போட்டு வைத்தார்கள்: தன் வீட்டில் தங்கியிருக்கிற ஆட்டக்காரரின் ஆட்டத்துக்கு யாரும் நடுவராக நாற்காலி ஏறக் கூடாது. உப்புப் போட்ட கை, தராசு பிடிக்கக் கூடாது.

மண் தரையின் அருமையே அதில் விழும் தடம்தான். சிமெண்ட் தரையில் பந்து எங்கே விழுந்தது என்று கேட்டால் யார் அதிகம் கத்துகிறாரோ அவர் சொன்ன இடத்தில்தான் விழுந்தது. மண்ணில் அப்படி இல்லை. பந்து விழுந்த இடத்தில் கட்டைவிரல் அழுத்தின மாதிரி ஒரு தடம் இருக்கும். தகராறு வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கிப் போய், தடத்தைக் கண்டுபிடித்து, சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, உள்ளேயா வெளியேயா என்று சொல்லிவிடுவார். கோட்டை ஒரு நூல் தொட்டிருந்தாலும் உள்ளே. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

அந்த வட்டம் போடுவதில் பேர் வாங்கியவள் மருந்துக்கடை அக்கா. ஒரு வருடம் தன் சொந்த மைத்துனர் ஆடும்போது, பந்து வெளியே என்று சொல்லி அவரைத் தோற்கடித்தாள். அவர் ஒரு வருடம் அவள் கடையில் தலைவலி மாத்திரைகூட வாங்கவில்லை, தலைவலியோடேயே திரிந்தார். "மருந்தக்கா இறங்கிட்டா பேச்சு முடிஞ்சுது" என்பது ஊரில் பழமொழி ஆகிவிட்டது. கடையில் மருந்து வாங்க வருபவர்கள்கூட, "அக்கா, எங்க வீட்டு மாமியார் மருமக சண்டைக்கும் ஒரு வட்டம் போட்டுட்டுப் போங்களேன்" என்று கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே மாத்திரையை எண்ணிப் போடுவாள். உள்ளுக்குள் மனம் பூரிக்கும். இல்லையென்று சொல்லக் கூடாது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. சூளை மூடியது. பொடியை வெளியூரிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. ஆண்கள் ஆட்டம் நின்றது. நடுவர்களில் ஒருவர் மகனோடு இருக்க வெளியூர் போய்விட்டார், இன்னொருவருக்குக் கண்ணில் புரை. குடம் மட்டும் மிச்சம், மருந்தக்கா மட்டும் மிச்சம்.

அந்தக் கடைசி வருடம் அவள் வீட்டில் தங்கியது ஒரு இடதுகைக்காரப் பெண். இரண்டு பஸ் மாறி வந்தவள். அம்மாவுக்குச் சலவைக்கடையில் வேலை. மெலிந்த உடம்பு, பெரிய பசி. "அக்கா, இன்னொரு முட்டை போடலாமா?" என்று கூச்சத்தோடு கேட்டுவிட்டு, போட்டால் நாலு வாயில் முடித்துவிடுவாள். முதல் ஆட்டத்தில் தோற்றுப் போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளோ ஒவ்வொருத்தியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றாள். எதிராளி வங்கியில் வேலை பார்க்கும் பெண், போன வருடம் குடம் எடுத்தவள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் வீட்டில் ஒரு கூத்து. இடதுகைக்காரி தன் காலுறைகளை எல்லாம் துணி துவைக்கும் மெஷினில் போட்டுவிட்டாள். காலுறை முழுக்கச் செங்கல் பொடி. அதே மெஷினில் அக்காவின் கணவருடைய வெள்ளைச் சட்டைகள் கிடந்தன. அவர் பள்ளிக்கூட வாத்தியார்; வெள்ளையைத் தவிர வேறு போடமாட்டார். மூடியைத் திறந்தால் அத்தனையும் ரோஸ்.

அவள் சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "ஐயோ சார்... எங்கம்மா கேட்டா என்னை உரிச்சுத் தொங்கவிட்டுடும். சலவைக்கடைக்காரி பொண்ணு சார் நான்."

வாத்தியார் ஒன்றை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். "ஏம்மா, இங்க வா. மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

"மாப்பிள்ளைக்குத் தாத்தா மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. பேச்சுக்குச் சிரித்தாளே ஒழிய முகம் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் சட்டை அல்ல. அப்போதுதான் பல் டாக்டர் போன் பண்ணியிருந்தார்.

வெளியூரிலிருந்து வரவேண்டிய நடுவர் வரவில்லையாம்.

"நீங்கதான் உக்காரணும் அக்கா."

"நல்லா இருக்கே கதை! ஆடுற பொண்ணு எங்க வீட்டுல முட்டை தின்னுட்டு இருக்கு டாக்டர். சட்டம் என்ன சொல்லுது?"

"சட்டம் போட்டவரே போய்ச் சேர்ந்துட்டாரு. உங்களச் சந்தேகப்படுறவன் இந்த ஊர்ல இன்னும் பொறக்கல. வேற ஆள் இல்லக்கா. ஆட்டம் நின்னா டென்னிஸ் சங்கத்துக்காரங்க அடுத்த வருஷம் அனுமதியே தரமாட்டாங்க. போட்டி அதோட காலி."

அவள் ஒத்துக்கொண்டாள். போட்டி நிற்கக் கூடாதே என்பது ஒரு பாதி. 'உங்களைச் சந்தேகப்படுகிறவன் பிறக்கவில்லை' என்ற வார்த்தை இனித்தது மறு பாதி.

மாலையில் நாற்காலி ஏறும்போதே காதில் விழுந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள். அவளுக்குத் தெரிந்தவர்கள்தான், கடையில் கணக்கு வைத்து மருந்து வாங்குகிறவர்கள்.

"குடம் இந்தத் தடவ எந்த வீட்டுக்குப் போகும்னு தெரிஞ்சுபோச்சு."

"எந்த வீட்டுக்கு?"

"முட்டை போட்ட வீட்டுக்கு!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சொன்னார்களா என்றால் இல்லை. வாய் சும்மா இருக்கவில்லை, சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல் அக்காவின் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஆட்டம் தொடங்கியது முதல் அவள் பந்தைப் பார்ப்பதில் பாதி, முன்வரிசையைப் பார்ப்பதில் பாதி என்று இருந்தாள். கூட்டத்தின் நடுவில் வாத்தியார் வேறு ரோஸ் சட்டையோடு எழுந்து எழுந்து கை தட்டினார். 'உக்காருங்களேன் மனுஷா' என்று மனதுக்குள் பல்லைக் கடித்தாள்.

இரண்டு பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டும் சமமாகி, வெற்றியை முடிவுசெய்யும் டைபிரேக்கில் வந்து நின்றது. இடதுகைக்காரிக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட். எடுத்தால் குடம்.

அவள் அடித்தாள். இடதுகையின் மொத்தப் பலத்தோடு எதிர்மூலைக்கு ஓர் அடி. வங்கிக்காரி ஓடினாள், எட்டவில்லை. பந்து மூலையில் கோட்டருகே புழுதி கிளப்பிவிட்டுப் போனது.

உள்ளே. அக்காவுக்கு நாற்காலியில் இருந்தே தெரிந்துவிட்டது.

வாய் திறக்கவும் போனாள். அதற்குள் வங்கிக்காரி விரலை உயர்த்தி, "வெளிய போச்சுன்னு நெனைக்கிறேன் அக்கா, வந்து பாருங்களேன்" என்றாள். தப்பில்லை, கேட்க அவளுக்கு உரிமை உண்டு. கேட்டுவிட்டுத் துண்டு எடுக்க ஓரமாகப் போய்விட்டாள்.

அக்கா இறங்கினாள். மூலைக்குப் போய்க் குனிந்தாள். அங்கே இரண்டு தடங்கள். ஒன்று கோட்டைத் தொட்டுக்கொண்டு. விளிம்பு கூர்மையாகத் தூக்கியிருந்தது, பந்து போன பக்கம் பொடி சிதறிக் கிடந்தது, அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த ரொட்டிபோலப் புத்தம் புதுசு. இன்னொன்று ஒரு சாண் தள்ளி, கோட்டுக்கு வெளியே. ஓரம் மழுங்கிப்போன பழைய தடம், சற்று முன் ஆடிய ஏதோ ஒரு பந்துடையது. தரை தெரிந்தவர் எவருக்கும் இதில் குழப்பமே வராது. அவளுக்கும் வரவில்லை.

குனிந்தபடியே இருந்தாள். உள்ளே என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது. முட்டை போட்ட வீட்டுக்குக் குடம். நாளைக்குக் கடைக்கு வருகிறவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் சொல்வார்கள். மைத்துனர் முதல் ஆளாகச் சொல்வார். இத்தனை வருடப் பேர், ஒரு பந்தில் போய்விடும்.

விரல் நீண்டது. பழைய தடத்தைச் சுற்றி வட்டம் போட்டது.

"வெளியே."

இடதுகைக்காரி வலைவரைக்கும் வந்தாள். எதிராளி பக்கம் தாண்டிப்போய்த் தடத்தைப் பார்க்க ஆட்டக்காரருக்கு அனுமதி இல்லை. அங்கேயே நின்று கேட்டாள். "அக்கா, நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சரிக்கா."

திரும்பிப் போய் நின்றாள். அடுத்த இரண்டு பாயிண்டிலும் அவள் கை அவளுடைய கையாக இல்லை. வங்கிக்காரிக்குக் குடம்.

ஆட்டம் முடிந்ததும் தரையைச் சமன் செய்ய ஒரு பெரிய வலையை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். ஜெயித்தவள்தான் இழுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தோற்றவளுக்கு அந்தச் சிரமத்தையாவது கொடுக்கக் கூடாது என்று. வங்கிக்காரியைச் சுற்றிக் கும்பல் கூடிவிட்டதால் இடதுகைக்காரியே வலையை எடுத்தாள். நேராக அந்த மூலைக்குப் போனாள். நின்றாள். வட்டம் போட்ட தடத்தைப் பார்த்தாள். வட்டம் போடாத தடத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இனி கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அந்தப் பெண் கத்தவில்லை. வலையை அந்தத் தடத்தின் மேல் வைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒருமுறை போதாது என்று திரும்பி வந்து இன்னொரு முறையும் இழுத்தாள். தரை வழவழவென்று ஆகிவிட்டது.

பரிசு கொடுக்கும்போது பல் டாக்டருக்கு மைக் கிடைத்தது. "நம்ம மருந்தக்காவ பாருங்க! தன் வீட்டுல தங்கின பொண்ணு, ஒரே ஒரு பாயிண்ட் மிச்சம். வேற ஒருத்தரா இருந்தா கண்ண மூடிட்டிருப்பாங்க. அக்கா இறங்கிப் போய் வெளியன்னு சொன்னாங்க. நேர்மைக்கு இதவிட என்னய்யா சாட்சி வேணும்?" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசைப் பெண்கள் இருவரும் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார்கள். அக்கா கும்பிட்டாள். கும்பிட்ட கையில் செங்கல் பொடி ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தால், கொல்லைக் குழாயடியில் இடதுகைக்காரி உட்கார்ந்து சட்டைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோற்ற உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"விடும்மா. யார் உன்னத் தொவைக்கச் சொன்னா?"

"போகமாட்டேங்குதுக்கா. எவ்வளவு தேச்சாலும் போகமாட்டேங்குது." தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா."

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வாத்தியார் வந்து, "ஏன்ம்மா தேய்க்கிற? எனக்கு இந்தக் கலர்தான் எடுப்பா இருக்குன்னு ஊரே சொல்லுது" என்றார். பேச்சு அப்படியே போய்விட்டது. அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "வரேன்க்கா, வரேன் சார்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த வருடம் பல் டாக்டர் கடைக்கு வந்தபோது அக்கா, "நான் இனி நாற்காலி ஏறல டாக்டர்" என்றாள்.

"ஏன்க்கா?"

"எனக்கு அந்தத் தகுதி இல்ல. அன்னிக்கு நான் போட்ட வட்டம் தப்பு."

டாக்டர் கை எடுத்துக் கும்பிட்டார். "இந்த அடக்கம் யாருக்கு வரும்! நெறஞ்ச குடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

"அடக்கம் இல்ல டாக்டர், நெஜமாவே..."

"புரியுது, புரியுது. வயசாகுதில்ல, ஓய்வு எடுங்க. ஒரு வருஷம் பாத்துக்கறோம்."

பார்த்துக்கொள்ள முடியவில்லை. நடுவர் இல்லாமல் சங்கம் அனுமதி தரவில்லை. இன்று வரும் நாளை வரும் என்று இரண்டு வருடம் இழுத்தார்கள். மைதானத்தில் புல் முளைத்தது. பிறகு இடம் கைமாறி, மேலே தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆயிற்று. டீக்கடையில் மழை என்றார்கள், சிமெண்ட் என்றார்கள், சூளை என்றார்கள். அக்கா தலையாட்டிக்கொண்டு மாத்திரை எண்ணினாள். கணவரிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்: "அந்தப் பந்து உள்ள விழுந்துச்சுங்க."

அவர் செய்தித்தாளை மடித்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குச் சொன்னியா?" என்றார்.

"இல்ல."

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்று செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

சில வருடம் கழித்து, கிளப்புக்கு ஒரு யோசனை வந்தது. வண்டி நிறுத்துமிடத்து மதிலில், இங்கே இப்படியொரு போட்டி நடந்தது என்று வரலாறு எழுதி ஒரு பலகை வைப்பது. பல் டாக்டர் வாசகத்தை அக்காவிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினார். சூளைக்காரர், குடம், வீட்டுத் தங்கல் எல்லாம் வந்தது. கடைசி வரி: "இறுதி ஆண்டில், தன் இல்லத்தில் தங்கியவருக்கு எதிராகவே தீர்ப்பளித்த நடுவரின் நேர்மை என்றும் நிலைக்கும்."

"இந்த வரி வேணாம் டாக்டர்."

"இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும். அதான் முதல்லயே பெயிண்ட்ல எழுதிட்டோம்!" என்று வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். "நீங்கதான் திறந்து வைக்கிறீங்க. இறுதி ஆட்டம் ஆடின ரெண்டு பொண்ணுங்களையும் கூப்பிட்டாச்சு."

திறப்பு விழா அன்று காலை. கடையில் கூட்டம் இல்லை. "அக்கா, மணிக்கட்டுல சுத்துற டேப் இருக்கா?" என்று ஒரு குரல். நிமிர்ந்தாள். இடதுகைக்காரி. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள், அதே பெரிய பை.

அக்காவுக்கு டேப் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே மறந்துபோனது. ஒருவழியாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். "எப்ப வந்த? எங்க தங்கியிருக்க?"

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல லாட்ஜ்."

"வீடு இருக்கும்போது லாட்ஜா?"

"வேணாம்க்கா. ஒரு தடவ தங்கினதுக்கே உங்களுக்கு அவ்வளவு கஷ்டம் கொடுத்துட்டேன்."

"என்ன கஷ்டம் கொடுத்த?"

"சாரோட சட்டை எல்லாத்தையும் பாழாக்கினேனே."

அக்கா கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தடத்த நீ பாத்த இல்ல?"

அவள் டேப்பை நகத்தால் கீறிக்கொண்டு நின்றாள். "பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் அழிச்ச? ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்க வீட்டு முட்டையத் தின்னுட்டு, சட்டையக் கெடுத்துட்டு, ஊர் முன்னாடி நின்னு அக்கா பொய் சொல்லிட்டாங்கன்னு கத்தவா? காலையிலயே உங்க மொகம் சரியில்ல. சட்டைக்காகத்தான் கோவம், அந்தக் கோவத்துலதான் அப்படிப் பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். தப்பு எம்மேலதானேன்னு விட்டுட்டேன். எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. துணி தொவைக்கத் தெரியாம கப்பத் தோத்தவன்னு சலவைக்கடையே சிரிக்கும்." கொஞ்சம் சிரித்தாள். "அதுக்கப்புறம் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் யார் வீட்டுலயும் தங்குறதில்லக்கா. என்னத்தையாவது கெடுத்து வெச்சிடுவேனோன்னு ஒரு பயம்."

இத்தனை வருடமும் அக்கா வெட்கப்பட்டது ஒரு பந்துக்காக. இப்படி ஒன்று அந்தப் பெண்ணின் முதுகில் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

"சட்டைக்காக இல்லடி. சத்தியமா சட்டைக்காக இல்ல."

"பின்ன?"

"முன்வரிசையில ரெண்டு பேரு, முட்டை போட்ட வீட்டுக்குக் குடம்னு சொன்னாங்க. நாலு பேர் என்னத் தப்பா பேசிடுவாங்களோன்னு..."

இடதுகைக்காரி அவளையே பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்தப் பெண் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். திட்டியிருக்கலாம். இரண்டு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் வண்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தார்கள். பலகையை மூடியிருந்த துணியை அக்கா இழுத்தாள். கைதட்டினார்கள். பல் டாக்டர் வழக்கம்போல் ஆரம்பித்து, கடைசி வரிக்கு வந்து, குரலை உயர்த்தி அதை வாசித்தார். அக்கா அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றே சொல்லலாம்.

"அந்தப் பந்து உள்ள விழுந்துச்சு. கோட்டத் தொட்டுச்சு. என் கண்ணால பாத்தேன். பாத்துட்டேதான் பக்கத்துல கிடந்த பழைய தடத்துக்கு வட்டம் போட்டேன். நீங்க என்னத் தப்பா பேசக் கூடாதுங்கிறதுக்காக. குடம் இந்தப் பொண்ணோடது. அவ ஒரு தப்பும் பண்ணல. எங்க வீட்டுலயும் பண்ணல, ஆட்டத்துலயும் பண்ணல."

எங்கோ ஒரு கார் பின்னால் வர முயன்று ஹாரன் அடித்தது. வங்கிக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். பாவம், முகம் சிவந்து போயிருந்தது. "எனக்கு... எனக்குத் தெரியாதுக்கா. நான் திரும்பிப்போய்ப் பாக்கவும் இல்ல. பாத்திருக்கணும். இப்ப அந்தக் குடத்துல குடை போட்டு வெச்சிருக்கேன். நாளைக்கே கழுவி அனுப்பிடறேன்."

அப்போது பின்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றுவிட்டது. "இத்தனை பேர் முன்னாடி சொல்ல ஒரு நெஞ்சு வேணும்யா!" என்றார் ஒருவர். "அதான் மருந்தக்கா!" என்றார் மைத்துனர், ஆமாம், அவரேதான். அக்கா அந்தச் சத்தத்துக்கு நடுவே நின்றாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம்; தரையோ தார் போட்டு இறுகிக் கிடந்தது. ஒரே ஒருத்தி மட்டும் தட்டவில்லை. தன் பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்கா, பலகையில இன்னொரு வரி சேத்துடுவோம். பின்னாளில் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட பெருந்தன்மை..."

"வாய மூடுங்க டாக்டர்."

மூடினார். அவர் மூடி அன்றுதான் ஊர் பார்த்தது.

"அந்தக் கடைசி வரிய அழிங்க. அந்த இடத்துல ஒண்ணும் எழுத வேணாம்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் அக்கா இடதுகைக்காரியோடு நடந்தாள். பையை நான் தூக்கட்டுமா என்று கேட்டாள். அந்தப் பெண் கொடுக்கவில்லை. பின்னால் பத்தடி விட்டு வாத்தியார், பெட்டியிலிருந்து தேடி எடுத்த ரோஸ் சட்டையை வயிற்றில் பட்டன் போடமுடியாமல் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா."

"சொல்லும்மா."

"உங்களுக்குக் கைதட்டல்னா ரொம்பப் பிடிக்கும் இல்ல?"

அக்கா நின்றுவிட்டாள். பிறகு, "பிடிக்கும்டி" என்றாள். "அதான் வந்த வினை."

"எனக்கும்தான் பிடிக்கும்க்கா. அன்னிக்கு எனக்கு ஒருத்தரும் தட்டல."

பஸ் வந்தது. படியில் ஏறும்போது பை கைப்பிடியில் சிக்கிக்கொண்டது. அக்கா கீழேயிருந்து அதைத் தூக்கி விட்டாள். அதை மட்டும் அந்தப் பெண் தடுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினாள்.

"உங்க ஊர் லாட்ஜுல கொசு ஜாஸ்திக்கா. மனுஷன் தங்க முடியாது."

பஸ் கிளம்பிவிட்டது. வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்ன சொன்னா?"

"லாட்ஜுல கொசு ஜாஸ்தியாம்."

"அப்ப அடுத்த தடவ வீட்டுக்கு வருவா" என்றார்.

அக்கா பஸ் கிளப்பின புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு, "வாங்க போகலாம். அந்தச் சட்டையக் கழட்டுங்க, பட்டன் தெறிச்சிடப் போகுது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.